மூன்றாவது வேண்டாம்

நார்வேயின் வால்ட்ரஸ் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவனுக்கு ஒரு கோப்பை காபி கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. "காபி சாப்பிடறியா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பான். அவனுக்கு வேண்டும். "அட, ஒரு வாயாவது" என்றால் "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்பான். இப்போதும் வேண்டும். மூன்றாம் தடவை கோப்பையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினால், "நீங்க இவ்வளவு சொல்றதால அரைக் கோப்பை" என்று வாங்கிக்கொண்டு, பானை காலியாகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். முதல் தடவையே "குடுங்க" என்று கை நீட்டுகிறவனை வளர்ப்பு சரியில்லை என்று ஒதுக்கி வைப்பார்கள்.

நான் அமுந்த், அதே நார்வேயில் பெர்கன் துறைமுகத்துக்காரன். என் அப்பா அந்தத் துறைமுகத்தில் கருவாடு விற்றவர். எங்கள் சந்தையில் ஒருவன் "வேண்டாம்" என்றால் விலை கூடுதல் என்று அர்த்தம். "வேணும்" என்றால் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். ஒன்றும் பேசாமல் மீனையே பார்த்துக்கொண்டு நின்றால் அவன் கையைக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். இப்படி வளர்ந்தவன் அமெரிக்காவில் மினியாபோலிஸுக்கு வந்து, சீடர் அவென்யூவில் பியானோவும் ஆர்மோனியமும் அச்சடித்த இசைத்தாள்களும் விற்கிற கடை வைத்தேன். நான் வேலைக்கு அமர்த்திய ஆள் வால்ட்ரஸ்காரனாக இருந்தது கடவுளுக்கு என்மேல் இருந்த விளையாட்டுப் புத்தி.

அவன் பெயர் சீவெர்ட் லோமன். வாங்க வருகிறவர்களுக்குப் பியானோவை வாசித்துக் காட்டுவது அவன் வேலை. உயரமானவன், புருவம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வெளிர் மஞ்சள். யாராவது பாராட்டினால் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "பியானோ நல்ல பியானோங்க" என்பான். அப்படிச் சொல்லியே எத்தனையோ பியானோவை விற்றுக் கொடுத்தான். அவனுடைய அடக்கத்தை நான் குறை சொல்ல முடியாது. என் கடை ஓடியதே அதில்தான்.

காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவன் தனக்காக வாசிப்பான். அது ராக்டைம், தாளம் துள்ளுகிற பியானோ மெட்டு. அந்த நாளில் ஊரெல்லாம் அந்தப் பைத்தியம்தான். இடது கை நல்ல பிள்ளையாக நேரே நடந்து போகும். வலது கை கொஞ்சம் குடித்த மாதிரி பின்னாலேயே தடுமாறி வந்து, விழப்போகிற நேரத்தில் நிமிர்ந்து நிற்கும். ஆற்றங்கரைச் சாராயக்கடை ஒன்றில் வாசித்த ஏமஸ் டென்ட் என்ற கறுப்பின மனிதரிடம் சீவெர்ட் அதைக் கேட்டான். பனியில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவனை அவர்தான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எத்தனை தடவை கூப்பிட்டார் என்று நான் கேட்டதில்லை.

அவன் வாசிப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்குமுன் "இது ஏமஸ் டென்ட்டோடது" என்று சொல்லுவான். கடையில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்லுவான். வால்ட்ரஸில் எல்லாரும் அப்படித்தான். அங்கே ஒரு பிடில்காரன் எந்த மெட்டை எடுத்தாலும், அது யார் கையிலிருந்து வந்ததோ அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தந்தியில் வில்லை வைப்பான். சீவெர்ட்டின் அப்பா தோஸ்டன் பிடில்காரர். அவர் செத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அங்கே கல்யாணத்தில் "இது தோஸ்டன் லோமனோடது" என்று சொல்லி வாசிக்கிறார்களாம். அந்த மனிதருக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, கல்லறையில் கல்கூட இல்லை. மெட்டு மட்டும் பெயரோடு நடமாடுகிறது.

சீவெர்ட்டும் சொந்தமாக எழுதினான். அதில் ஒன்று 'குதிகால் ராக்டைம்'. அவன் அப்பா வாசிக்கும்போது பலகைத் தரையில் குதிகாலால் தட்டுவாராம். அந்தத் தட்டை எடுத்து இடது கையில் வைத்திருந்தான். மற்ற ராக்டைமில் இடது கை நடக்கும் என்றேனே, இதில் அது பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தது. அதை வாசித்தால் பக்கத்துச் செருப்புக்கடையில் சுத்தியல் தாளம் மாறும்.

"இதை அச்சுல போடணும்யா," என்றேன் ஒரு நாள்.

"போட்டா அட்டையில பேர் போடுவாங்க இல்ல?" என்று கேட்டான்.

"போடாம?"

"சீவெர்ட் லோமன்னு." அதைச் சொன்னபோது காதுவரை சிவந்துவிட்டான். ஆசை என்று ஒன்று அவனுக்கு இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பணத்தைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

சிகாகோவில் இசைத்தாள் அச்சடிக்கிற ஒரு நிறுவனத்தின் ஆள் டால்பட். வருஷத்துக்கு இரண்டு தடவை பெட்டி நிறையத் தாள்களோடு வருவார். எனக்கு விற்றுவிட்டு, அச்சடிக்கத் தக்கதாக ஏதாவது கிடைக்குமா என்று காதைத் திறந்து வைத்துக்கொண்டு போவார். பேச்சும் நடையும் வேகம். ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்பது அவருக்கு நேர விரயம்.

அந்தப் பிப்ரவரியில் அவர் வந்தபோது நான் பின்பக்கம் வண்டியிலிருந்து ஒரு பியானோவை இறக்கிக்கொண்டிருந்தேன். முன்னால் 'குதிகால்' கேட்டது, நின்றது, பேச்சுக் குரல் வந்தது, கதவு மணி அடித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது சீவெர்ட் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாருய்யா வந்தது?"

"மிஸ்டர் டால்பட்."

"எங்க அவரு?"

"போயிட்டாரு. 'குதிகால்' யாரோடதுன்னு கேட்டாரு. என்னோடதுன்னேன். அச்சடிக்கக் குடுக்கறியான்னாரு."

எனக்கு வாயெல்லாம் பல். "நீ என்ன சொன்னே?"

"வேண்டாங்க, அது அப்படி ஒண்ணும் பெரிசில்லன்னேன்."

"அப்புறம்?"

"தொப்பியைப் போட்டுக்கிட்டாரு." கொஞ்சம் யோசித்தான். "கதவுகிட்ட போனப்ப நான் தயாரா உட்காந்திருந்தேன்."

"எதுக்கு?"

"திரும்பிக் கேப்பாருன்னு."

ஸ்டேஷனுக்கு ஓடினேன். என் வயசுக்கும் உடம்புக்கும் அது பார்க்கத்தக்க காட்சியாக இருந்திருக்காது. ரயில் போய்விட்டது.

மத்தியானம் அவன் மனைவி ரக்னா சாப்பாடு கொண்டு வந்தாள். ரக்னா இங்கேயே, மினசோட்டா பண்ணை ஒன்றில் பிறந்தவள். கையுறை தைத்து விற்பாள். நார்வேக்காரியின் கன்னம், அமெரிக்காக்காரியின் வாய். கதையைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஏன் சீவெர்ட், என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியான்னு நான்தானே உன்கிட்ட கேட்டேன்? அதுக்கும் 'இப்ப எதுக்கு'ன்னு சொன்னே. நான் விவரம் தெரிஞ்சவ, இன்னும் ரெண்டு தடவை கேட்டேன். சிகாகோக்காரனுக்கு என்ன தலையெழுத்து?"

"அவர் ஒரு தடவைதான் கேட்டாரு, ரக்னா."

"அவங்க ஊர்ல அவ்வளவுதான். ஒரு தடவை. அதுக்குள்ள சரின்னு சொல்லணும்."

"பசி தாங்காதவன் மாதிரி இருக்காதா?"

"இருக்கட்டும். உனக்குப் பசிதானே?"

டால்பட்டுக்கு நான் எழுதினேன்; இலையுதிர் காலத்தில் வரும்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதற்குள் ரக்னா புருஷனைப் பழக்க ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் "காபி?" என்று ஒரே ஒரு தடவை கேட்பாள். அவன் "எதுக்கு" என்று இழுத்தால் கோப்பையைத் தூக்கித் தானே குடித்துவிடுவாள். முதல் வாரம் அவன் காபி இல்லாமலே கடைக்கு வந்தான். தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு சோக மெட்டாக வாசித்தான், ஒரு பியானோவும் விற்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கேள்வி முடிவதற்குள் "சரி" என்று சொல்லப் பழகிக்கொண்டான். பழக்கம் பிடித்ததும் அதை நிறுத்தத் தெரியவில்லை. ஒரு விற்பனைக்காரன் வந்து பறவைக் கூண்டு வேண்டுமா என்றான். சீவெர்ட் "சரி" என்று வாங்கிவிட்டான். பறவை கிடையாது.

பெரிய விபரீதம் சர்ச்சில் நடந்தது. மாதர் சங்கத்துக் காபி விருந்தில் தட்டில் ஒரே ஒரு லெஃப்ஸா மிச்சம். வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய உருளைக்கிழங்கு ரொட்டி அது. எங்கள் ஆட்களிடம் கடைசித் துண்டு படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது. அதை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருத்தி பாதியாக வெட்டிப் பாதியை விட்டு வைப்பாள். அடுத்தவள் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் தட்டில் ஒரு பொடி கிடக்கும், அதைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். பாதிரியாரின் மனைவி மரியாதைக்கு அந்தத் தட்டை சீவெர்ட் பக்கம் நீட்டி, "எடுத்துக்கறீங்களா?" என்றாள்.

"சரிங்க," என்று முழுசாக எடுத்துச் சாப்பிட்டுவிட்டான்.

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பி வரும்போது ரக்னாவிடம் ஒரு கிழவி, "வீட்டுல ஏதாவது கஷ்டமா, கண்ணு? சொல்லு, எல்லாரும் சேர்ந்து ஏதாவது செய்யறோம்," என்று கேட்டாளாம். ரக்னா எனக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "தேறிட்டான், அமுந்த். இனிமே சிகாகோ வரட்டும்."

சிகாகோ அக்டோபரில் வந்தது. நானும் இருந்தேன், ரக்னா தையலை எடுத்துக்கொண்டு வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். டால்பட் 'குதிகாலை' ஒரு தடவை கேட்டார், பாதியிலேயே பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துவிட்டார்.

"இதை நாங்க அச்சடிக்கறோம். குடுக்கறியா?"

"சரிங்க," என்றான் சீவெர்ட்.

ரக்னா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். எனக்கே நெஞ்சு நிறைந்தது.

"தலைப்பு நல்லாருக்கு. அப்படியே வச்சுக்கலாம்."

"சரிங்க."

"கடைசிப் பகுதி நீளம். கொஞ்சம் வெட்டிக்கறோம்."

"சரிங்க."

"அட்டையில ஒரு குண்டு ஆள் காலைத் தூக்கி ஆடற படம்."

"சரிங்க."

"சீவெர்ட் லோமன்னு போட்டா கான்சஸ் சிட்டியில எவன் வாயிலயும் நுழையாது. ராக்டைம்னு கேட்டு வர்றவன் நார்வேக்காரன் பேரைப் பாத்தா ஜெபப் புஸ்தகம்னு நினைச்சுப்பான். சிட் லைமன்னு போட்டுடறோம். சரிதானே?"

"சரிங்க."

ரக்னாவின் ஊசி நின்றது. சீவெர்ட்டின் வாய் இன்னும் அந்தச் சொல்லின் வடிவத்திலேயே இருந்தது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது.

"ஒரு நிமிஷம், மிஸ்டர் டால்பட்," என்று நான் எழுந்தேன். "பேர் விஷயத்துல நாம கொஞ்சம் பேசலாம். இப்பதான் சூடு பிடிக்குது."

சீவெர்ட் கையைத் தூக்கி என்னை நிறுத்தினான். "சொல்லிட்டேன், அமுந்த்."

"சொன்னா என்னய்யா? வியாபாரத்துல சொல்றதெல்லாம்..."

"சொல்லிட்டேன்."

வால்ட்ரஸில் 'வேண்டாம்' என்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். 'சரி' என்று சொன்னது சொன்னதுதான். அவன் கையெழுத்துப் போட்டான். டால்பட் கைகுலுக்கி, "இவ்வளவு சுலபமான ஆளை நான் பாத்ததே இல்ல," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ரக்னா எதையோ தைத்துக்கொண்டே, "நான்தான் கெடுத்தேன்," என்றாள்.

"இல்ல. நீ சொல்லிக் குடுத்தது சரியாத்தான் இருந்தது," என்றான் அவன். "அவர் கேட்ட கேள்விதான் வேற."

'குதிகால்' வந்தது, விற்றது. கான்சஸ் சிட்டியில் விற்றது, சிகாகோவில் விற்றது, என் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக விற்றது. சிட் லைமன் சீடர் அவென்யூவில் பெரிய மனிதன் ஆகிவிட்டான். அவன் மிசூரிக்காரன் என்றார்கள். கப்பலில் சூதாடி ஒரு விரலை இழந்தவன், அதனால்தான் இடது கை அப்படித் தட்டுகிறது என்றார்கள். மீன்கடைக்காரன் ஒருவன் அவனோடு பீர் குடித்ததாகவே சொன்னான். ஆள் நல்ல மாதிரி, ஆனால் கடன் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று எங்களை எச்சரித்தான்.

ஒரு நாள் தாடிக்காரர் ஒருவர், சீவெர்ட் அதை வாசிப்பதைக் கேட்டுவிட்டு அருகே வந்தார். "தம்பி, நீ நல்லா வாசிக்கறே. ஆனா லைமன் இப்படி வாசிக்க மாட்டான். கடைசியில நீயா என்னமோ சேத்து வாசிக்கறே, தாள்ல அது இல்ல."

டால்பட் வெட்டிய பகுதி அது.

"மன்னிச்சுக்கங்க," என்றான் சீவெர்ட்.

அதிலிருந்து அவன் மற்றவர்கள் மெட்டை வாசிக்கும்போது பெயர் சொல்லிவிட்டு, 'குதிகாலை' மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஆரம்பித்தான். யாரோடது என்று கேட்டால் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "தாள்ல லைமன்னு போட்டிருக்கு," என்பான். பொய் சொல்லாமல் தப்பிக்க அவனுக்கு இருந்த ஒரே வழி. நான் வியாபாரி, எனக்கு இந்த மாதிரி வாக்கியம் தினமும் வேண்டியிருக்கிறது. ஆனால் அவன் சொல்லும்போது கேட்கச் சங்கடமாக இருந்தது.

ரக்னா ஒரு தடவை என்னிடம் பொரிந்துவிட்டாள். "இல்லாத ஒருத்தனை ஊருக்கே தெரியுது. இருக்கறவன் என் வீட்டுல உட்காந்து உருளைக்கிழங்கு சாப்பிடறான், அவனை யாருக்கும் தெரியல. அந்த லைமனுக்கு ஏதாவது வியாதி வந்து செத்தா தேவலை."

"செத்தா இன்னும் நல்லா விக்கும், ரக்னா."

"உங்க வாயைத் தைக்க எங்கிட்ட ஊசி இருக்கு."

அந்தக் குளிர்காலத்தில் சீவெர்ட் இன்னொன்று எழுதினான். வசந்தத்தில் எங்கள் ஏரிகளில் பனி உடைகிறபோது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். அப்புறம் ஒன்றும் இல்லாத ஒரு அமைதி. எங்கேயோ தூரத்தில் இன்னொரு வெடி. அந்த அமைதியை அவன் வலது கையில் வைத்திருந்தான். வரவேண்டிய ஸ்வரம் வராது. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். வந்துவிடும், ஆனால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. 'குதிகாலை'விட இது ஒரு படி மேலே என்று கருவாட்டு வியாபாரி மகன் காதுக்கே தெரிந்தது. 'பனி உடைப்பு' என்று பெயர் வைத்தான். தாளின் தலையில் தன் பெயரை எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். அந்த இடத்தில் காகிதம் மெலிந்துபோயிருந்தது.

ஏப்ரலில் டால்பட் வந்தார். லைமன் விற்ற விற்பனையில் புதுக் கோட்டு போட்டிருந்தார். நேரே என்னிடம் வந்து, ரகசியம் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க ஆளுங்களைப் பத்தி எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுபோச்சு. ஹோட்டல்காரன் சொன்னான். மூணு தடவை கேக்கணுமாமே?"

"ஆமா."

"முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அன்னிக்கு ரயிலைப் பிடிச்சுட்டுப் போயிட்டேனே." எனக்கே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்ட திருப்தியோடு பியானோ பக்கம் போனார்.

'பனி உடைப்பை' அவர் முழுசாகக் கேட்டார். வலது கை மௌனமான இடத்தில் வாயிலிருந்த பல்குச்சி அசையாமல் நின்றது. முடிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அருமை. லைமனோட அடுத்த தாள் இதுதான். குடுக்கறியா?"

"வேண்டாங்க," என்றான் சீவெர்ட்.

டால்பட் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எல்லாம் திட்டப்படி நடக்கிறது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். ஹோட்டல்காரன் அதையும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பிறகு, "இல்ல, நீ குடுத்துத்தான் ஆகணும். அச்சடிக்கலாமா?"

"வேண்டாங்க."

அடுத்து எழுந்து நின்று, தொப்பியைக் கையில் எடுத்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் பழக்கத்துக்கு அது பெரிய விஷயம். "மிஸ்டர் லோமன், தயவு செஞ்சு."

அடுப்புப் பக்கம் தையலோடு உட்கார்ந்திருந்த ரக்னா தலை நிமிர்ந்தாள். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்: ஒரு வால்ட்ரஸ்காரன் இறங்கி வருகிற இடம் இதுதான்.

"வேண்டாங்க," என்றான் சீவெர்ட்.

டால்பட் ஏமாற்றப்பட்டவர் மாதிரி என் பக்கம் திரும்பினார். "மூணு தடவை கேட்டேனே?"

"கேட்டீங்க."

"எண்ணிக்கை சரிதானே?"

"சரிதான்."

"அப்புறம் ஏன் வேண்டாங்கறான்?"

"வேண்டாம்னு நினைக்கறான் போல."

சீவெர்ட் பியானோ முன்னாலிருந்து எழுந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் விட்டான், வெளியே எடுத்தான். "மிஸ்டர் டால்பட், எனக்கு ஒண்ணு வேணும்," என்றான். இந்த மனிதன் வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. கடையில் சம்பளத்தைக்கூட அவன் கேட்டதில்லை. நானாகக் கொடுத்தால்தான் உண்டு. "அட்டையில சீவெர்ட் லோமன்னு போடணும்."

"முடியாது," என்றார் டால்பட்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் சீவெர்ட் முகத்தில் ஒரு நிம்மதி. தோள் இரண்டும் இறங்கிவிட்டன. பேச்சு நல்லபடியாகத் தொடங்கிவிட்டது என்பது போலத் தலையாட்டினான்.

"ரக்னா, காபி கொண்டா," என்றான்.

காபி வந்தது. பாதாம் கேக் வந்தது. டால்பட்டுக்கு ஒன்றும் புரியவில்லை; ஆனாலும் கேக் வேண்டுமா என்று ரக்னா கேட்டதும் சரி என்று எடுத்துக்கொண்டார். சீவெர்ட் ஏரிப் பனியைப் பற்றிப் பேசினான். இந்த வருஷம் தாமதம் என்றான். ரயில் பாதையில் வெள்ளம் வரலாம் என்றான். கோப்பை பாதி காலியானதும், அதே குரலில், "அப்ப லோமன்னு போட்டுடுவீங்க?" என்றான்.

"முடியாதுன்னு சொன்னேனே."

"சொன்னீங்க," என்றான் சீவெர்ட் மரியாதையாக. கோப்பையை நிரப்பினான்.

டால்பட் என் காதருகே குனிந்தார். "நான் சொன்னது இவனுக்குப் புரியலையா?"

"நல்லாப் புரிஞ்சுது. நீங்க நல்ல வளர்ப்புன்னு சந்தோஷப்படறான்."

"நான் நிஜமாவே முடியாதுன்னு சொல்றேன், ஐயா."

"அதையும் அவன் பாராட்டுவான்."

எங்கள் சந்தையில் என் அப்பா கத்தியிருக்கிறார், மீனைத் தரையில் வீசியிருக்கிறார், இறந்துபோன அம்மா மேல் சத்தியம் செய்திருக்கிறார். பேரத்தில் எனக்குத் தெரியாத வித்தை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே இருக்கிறவன் மறுப்பதை உபசாரமாக எடுத்துக்கொண்டு அவனுக்குக் காபி ஊற்றுகிற வித்தையை நான் பார்த்ததில்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தச் சந்தையிலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

டால்பட் எழுந்து போகலாம். கதவு திறந்துதான் இருந்தது. அவர் போகாமல், பியானோவைப் பார்த்து, "அந்த நடுப் பகுதியை இன்னொரு தடவை வாசி," என்றார். சீவெர்ட் வாசித்தான். பனி உடைந்தது, அமைதி வந்தது, ஸ்வரம் வர வேண்டிய இடத்தில் வராமல் நின்றது. தெருவில் போன ஒரு பால் வண்டிக்காரர் குதிரையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது.

வாசித்து முடித்ததும் சீவெர்ட் திரும்பி உட்கார்ந்தான். ரக்னா பானையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ்டர் டால்பட், லோமன்னு போடுவீங்களா?"

டால்பட் பானையைப் பார்த்தார். "நான் மறுபடி முடியாதுன்னா இது நிரம்பி வரும், இல்ல?"

"வரும்," என்றாள் ரக்னா. "கேக் இன்னொண்ணு இருக்கு."

"கான்சஸ் சிட்டியில ஒரு தாள்கூட விக்காது, சொல்லிட்டேன். லைமனுக்குத்தான் ஆள் இருக்கு. உன் பேருக்கு யாரு இருக்கா?"

"விக்காம போகட்டுங்க."

"உன் நஷ்டம்."

"ஆமாங்க."

டால்பட் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஒப்பந்தத்தை எடுத்தார். "எழுத்து எப்படின்னு சொல்லு. தப்பா அடிச்சுட்டு அதுக்கு வேற ஒரு பானை காபி குடிக்க என்னால ஆகாது."

அவர் போன பிறகு சீவெர்ட்டைக் கேட்டேன். "யோவ், நெஞ்சத் தொட்டுச் சொல்லு. அவர் நிஜமாவே மாட்டேங்கறாருன்னு உனக்குத் தெரியாதா?"

"ரெண்டு தடவைதானே மாட்டேன்னாரு," என்றான். அவனைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் மாதிரி இல்லை. ரக்னாதான் வேறு பக்கம் திரும்பிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

டால்பட் சொன்னது நடந்தது. ஜூலையில் 'பனி உடைப்பு' வந்தது. நீல அட்டை, ஏரி, ஒரு படகு, கீழே தெளிவான எழுத்தில் சீவெர்ட் லோமன். கான்சஸ் சிட்டி அதைத் திருப்பி அனுப்பியது. சிகாகோவில் எலி தின்றது. எங்கள் தெருவிலேயே எங்கள் ஆட்கள் அட்டையைப் பார்த்துவிட்டு, "லோமனா? அந்தக் கடைசி லெஃப்ஸாவைச் சாப்பிட்டவனா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்கள். ரக்னா கடை ஜன்னலில் ஒரு வரிசை நிறுத்தி வைத்தாள். மேல் தாள்கள் வெயிலில் வெளுத்தன. அவள் பின்னாலிருந்து புதுசாக எடுத்து முன்னால் வைத்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள், தொப்பியில் துணிப் பூ வைத்த ஒரு அம்மாள் மகளோடு உள்ளே வந்தாள். சீவெர்ட் அப்போது 'பனி உடைப்பு' வாசித்துக்கொண்டிருந்தான். அவள் முடியும்வரை நின்று கேட்டாள். ஜன்னலில் இருந்து ஒரு தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தாள்.

"லோமன். இது யாரு, புதுசா?"

சீவெர்ட் அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான்தாங்க," என்றான்.

"ஓ. நீங்களா." அவள் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், அவனையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். தாளை ஜன்னலில் இருந்த இடத்திலேயே, நேராக, அழகாக வைத்தாள். "நல்லா இருந்தது. எம் பொண்ணுக்கு லைமனோட 'குதிகால்' ஒண்ணு கட்டிக் குடுங்க."

அவன் ஒரு 'குதிகாலை' எடுத்தான். கட்டுவதற்கு முன்னால் பென்சிலை எடுத்து, கடைசிப் பக்கத்தில், டால்பட் வெட்டிப்போட்ட பகுதியை ஒரு வரி விடாமல் எழுதினான். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தாள்ல இல்லையே," என்றாள்.

"இதையும் சேத்து வாசிம்மா," என்றான் சீவெர்ட். "இதுதான் நல்லா இருக்கும்."